பெரம்பலூர் காலணியைப் பெரம்பலூரிலேயே டிசைன் செய்ய முடியுமா? - விஆர் சொல்லும் பதில்

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டில் ‘க்ராக்ஸ்’ காலணி ஆலை 2023 நவம்பரில் திறக்கப்பட்டது. அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் ரூ.1,000 கோடி காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 15,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு.

நல்ல விஷயம்தான். ஆனால், பெரும்பாலும் இவை உற்பத்தி வேலைகள். ஷூ எப்படி இருக்கணும் என்ற முடிவை எடுப்பது பிராண்டின் டிசைன் குழு. அந்தக் குழுவின் வேலை முறையைத்தான் விஆர் மாற்றி வருகிறது.

விஆரில் எப்படி வரைகிறார்கள்?

லண்டனின் ‘கிராவிட்டி ஸ்கெட்ச்’ இதற்குப் பிரபலமான மென்பொருள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் உள்ள கன்ட்ரோலரால் காற்றிலேயே கோடு இழுக்கலாம். ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக உருவாகும். ஷூவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, உள்ளே நுழைந்தும் பார்க்கலாம். அடிடாஸ் டிசைனர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். வெவ்வேறு நாட்டு டிசைனர்கள் ஒரே மெய்நிகர் அறையில் வேலை செய்ய, 2019-ல் ஃபோர்டு இதைச் சோதித்தது.

அதென்ன ‘பார்ட்னர்’?

டிசைன் என்பது பொருளோடு நடத்தும் உரையாடல் என்று 1983-லேயே விளக்கியவர் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன். நாம் ஒரு கோடு போடுகிறோம். அது ‘இது சரியா வரலையே’ என்று திருப்பிச் சொல்கிறது. காகிதத்தில் அழகாகத் தெரிந்த வளைவு, விஆரில் சுற்றி வந்து பார்த்தால் குதிகாலில் துருத்தி நிற்கும். உடனே மாற்றலாம். விஆர் யோசிப்பதில்லை, நம் யோசனையின் குறையை சீக்கிரம் காட்டுகிறது.

எது முடியாது?

சோல் எவ்வளவு அழுத்தம் தாங்கும், தோல் எப்படி மடியும், எங்கே கடிக்கும்? இதெல்லாம் கைக்கும் காலுக்கும்தான் தெரியும். அதனால் மாதிரி ஷூவை செய்து, போட்டுப் பார்த்தே ஆகணும். நீண்ட நேரம் ஹெட்செட் அணிந்தால் சிலருக்குத் தலைசுற்றலும் வரும்.

நம்ம ஊருக்கு என்ன லாபம்?

தையல், அச்சு, பசை பற்றிய அனுபவ அறிவு ஆலைத் தளத்தில்தான் வளரும். ‘இந்த வளைவைத் தைக்க முடியாது’ என்று ஜெயங்கொண்டம் தொழிலாளி வரைபடக் கட்டத்திலேயே சொல்ல, பொது மெய்நிகர் அறை வழி தரும். ஆனால், அந்த அறைக்குள் அவரை அழைப்பது பிராண்டின் கையில்.

பழகிப் பார்க்க ‘ஓபன் பிரஷ்’ இலவசம், ஹெட்செட்தான் செலவு. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மத்திய அரசின் காலணி வடிவமைப்பு நிறுவனமும், சென்னை ஐஐடியில் விஆர் ஆய்வு மையமும் உள்ளன. இந்தப் பயிற்சி பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளுக்கு வந்தால், ஆலைக்குள் போகும் இளைஞர்களில் சிலராவது டிசைன் மேசைக்கும் போவார்கள். வராவிட்டால், ஷூ இங்கே தயாராகும். டிசைன் வெளியிலிருந்தே வரும்.