அழகர் வந்த தூரம்



மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை, ஐம்பதை நெருங்குகிறவர். மகன் சொன்னதைக் கேட்டு, தை மாதம் நடக்கவிருக்கும் ஓர் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். "முதல் மூணு வாரம் யாரும் எழுப்பாமலே எந்திரிச்சு ஓடினேன். இப்ப அலாரம் அடிச்சா ஆத்திரந்தான் வருது. இருபத்தொரு கிலோமீட்டரை நினைச்சாலே வயித்தைக் கலக்குது. விட்டுட்டா மகன் சிரிப்பான். விடாம ஓட ஏதாவது வழி இருந்தா எழுதுங்க" என்று கேட்டிருக்கிறார்.

இதே கேள்வி வெவ்வேறு வடிவில் நம் அலுவலகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் பக்கம் விடிகாலையில் போய்ப் பாருங்கள், மருத்துவர் மிரட்டி அனுப்பியவர்கள் ஒரு பக்கம், பதக்கத்தோடு படம் போட்ட அலுவலக நண்பரைப் பார்த்துக் கிளம்பியவர்கள் ஒரு பக்கம். இவர்களில் பாதிப் பேர் அடுத்த மாதம் கண்ணில் படுவதில்லை. அதனால் இந்த இதழில் அந்த ஆசிரியைக்கே பதில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தூரத்தைப் பற்றிய பயம். முழு மராத்தான் 42.195 கி.மீ. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே உலகத்துக்கெல்லாம் நிலையாக வைத்துவிட்டார்கள். அதில் சரிபாதி, 21.0975 கி.மீ. எண்ணாகப் பார்த்தால் மிரட்டலாகத்தான் இருக்கும். ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் 400 மீட்டர் ஓடுதளத்தில் ஏறத்தாழ 53 சுற்று. ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தூரம் புதிதே இல்லை. அழகர்கோவில் மதுரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுப் பாருங்கள், இருபத்தொன்று என்பார்கள். கொஞ்சம் முன்பின் இருக்கலாம். சித்திரை மாதத்தில் கள்ளழகர் மலையை விட்டுக் கிளம்பி வைகைக்கு வந்து சேரும் தூரம் கிட்டத்தட்ட ஓர் அரை மராத்தான்தான். அவரோடு ராத்திரி முழுக்கக் கூடவே நடந்து வருகிற கூட்டத்தில் ஐம்பது வயதுப் பெண்களும் உண்டு, எழுபது வயதுக் கிழவர்களும் உண்டு. யாரும் அவர்களிடம் பயிற்சி அட்டவணை கேட்டதில்லை.

அழகர் எப்படி வருகிறார் என்பதைக் கவனித்தால் ஓடுகிறவர்களுக்கு நிறைய விஷயம் இருக்கிறது. மாலையில் பதினெட்டாம்படி கருப்பணசாமியிடம் விடைபெற்றுக் கள்ளர் கோலத்தில் கிளம்புகிறார். பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று ஊர் ஊராக வருகிறார். காலையில் மூன்றுமாவடியில் எதிர்சேவை. அன்று பகல் முழுக்கப் புதூர், தல்லாகுளம் பக்கமே பொழுது போகிறது. இரவு தல்லாகுளம் பெருமாள் கோயில், ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை, தங்கக் குதிரை. மறுநாள் விடியும்போதுதான் ஆற்றில் இறங்குகிறார். இருபத்தொரு கிலோமீட்டருக்கு இரண்டு இரவும் ஒரு பகலும்! வழியில் நானூற்றுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் நின்று, பூசை வாங்கி, விசிறி வீசச் சொல்லி, அடுத்ததுக்கு நகர்கிறார். கிளம்பும்போதே வைகையை நினைத்துக்கொண்டு வருகிறவராகத் தெரியவில்லை. அடுத்த மண்டகப்படி வரைக்கும்தான் அவருக்குப் பயணம்.

அம்மா, நீங்களும் அப்படியே ஓடுங்கள். இருபத்தொன்றை மனசில் வைத்துக்கொண்டு படுக்கையை விட்டு எழுந்திருக்க யாராலும் முடியாது. இன்றைக்கு ஆறு கிலோமீட்டர் என்றால் அந்த ஆறும்கூட வேண்டாம். வாட்டர் டேங்க் வரை, அங்கிருந்து பேக்கரி வரை, அப்புறம் பெரிய ஆலமரம் வரை. நடுவில் நடக்கலாமா என்று வெட்கப்பட வேண்டியதில்லை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே, எழுபதுகளிலிருந்தே தன்னிடம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: கொஞ்சம் ஓடு, களைப்பு தட்டுவதற்கு முன்பே கொஞ்சம் நட, மறுபடி ஓடு. 'முன்பே' என்பதில்தான் சூட்சுமம். மூச்சு வாங்கி நின்றபின் நடப்பது தோல்வி மாதிரி இருக்கும். மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது என்று கிளம்பும்போதே வைத்துக்கொண்டால் அது திட்டம்.

பெரும்பாலோர் மனசு விட்டுப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, வேகம். புது ஷூவும் கைக்கடிகாரமும் வந்த உற்சாகத்தில் முதல் வாரமே இரைக்க இரைக்க ஓடிவிடுகிறார்கள். உடம்பு மூன்றாவது வாரம் கணக்குத் தீர்க்கிறது. அலாரத்தின் மேல் வருகிற ஆத்திரம் பெரும்பாலும் உடம்பு சொல்லும் சேதிதான். பக்கத்தில் ஓடி வருகிறவரிடம் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். வாரத்தில் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு நாள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். ஐந்து கிலோமீட்டரில் ஆரம்பித்து, சில வாரங்களுக்கு ஒருமுறை குறைத்து, மெதுவாகப் பதினாறு பதினெட்டு வரை கொண்டுபோனால் போதும். அன்றைய தினத்துக்கு முன்பே இருபத்தொன்றை ஓடிப் பார்த்தே தீர வேண்டும் என்பதில்லை. மீதி மூன்றைக் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறையுங்கள். அந்த நாட்களில் கால் துறுதுறுவென்று இருக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று எல்லோரும் ஓதுவார்கள். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓர் அணிக்குப் பதின்மூன்று வாரம் பத்து சதவீதக் கணக்கில் படிப்படியான பயிற்சி, இன்னோர் அணிக்கு எட்டே வாரம். இரண்டிலும் காயம் பட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்; வித்தியாசமே இல்லை. அதற்காகக் கண்மண் தெரியாமல் கூட்டச் சொல்லவில்லை. சதவீதத்தை விட உங்கள் கணுக்கால் சொல்வதைக் கேளுங்கள் என்கிறேன். தொடை முழுக்கப் பரவலாக வலித்தால் இரண்டு நாளில் போய்விடும். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்து, ஓட ஓடக் கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் நாற்பதைத் தாண்டியவர்களும் ஆரம்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரையோடும், 2004 விபத்தில் அடிபட்ட காலோடும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்கள் ஓடி முடித்தவர் மா.சுப்பிரமணியன். 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். அவர் அரசியல் பிடிக்காதவர்களும் அந்தக் காலைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வெயில். மதுரையில் ஓட்டத்துக்கு முதல் எதிரி அதுதான். பங்குனி பிறந்துவிட்டால் ஏழு மணிக்கே தார் ரோடு சுடத் தொடங்கும். ஐப்பசி மழையை ஒட்டி ஆரம்பித்து, மார்கழிக் குளிரில் நீண்ட ஓட்டங்களை முடித்து, தை மாசியில் போட்டி என்று வைத்துக்கொள்வதே நம் மண்ணுக்கு ஏற்ற கணக்கு. அந்த வகையில் ஆசிரியையின் மகன் நல்ல மாதமாகத்தான் பார்த்திருக்கிறார். சித்திரையில்தான் ஓடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள், உடம்பு சூட்டுக்குப் பழகக் குறைந்தது பத்துப் பதினான்கு நாள் விட வேண்டும். அதுவரை வேகத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாகத்துக்குப் பயந்து லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, அவர்களில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். தாகம் எடுத்தால் குடியுங்கள், வெறும் தண்ணீரோடு உப்பும் சேரட்டும். நம் ஆட்களுக்கு இதை யாரும் ஆராய்ச்சி செய்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அழகர் வரும் பாதையில் நீர்மோர்ப் பந்தலில் உப்பும் பெருங்காயமும் போட்டுக் கலக்கி ஊற்றுகிறார்கள். இன்னொரு பக்கம் பானக்கம். துருத்தியில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள் வெயிலில் வெந்த கூட்டத்தை நனைத்துவிடுகிறார்கள். உள்ளே உப்பு நீர், இனிப்பு, மேலே குளிர்ச்சி. எந்தப் பெரிய நகரத்து ஓட்டத்திலும் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் செய்வது இவ்வளவுதான். போட்டி நாளன்று யாரோ நீட்டும் புதுப் பானத்தைத் தொடாதீர்கள். பயிற்சியில் ஒத்துக்கொண்டது மட்டும். காலையில் இரண்டு மணி நேரம் முன்பாக இரண்டு இட்லியோ வாழைப்பழமோ போதும். பொங்கலும் வடையும் ஓடி முடித்த பிறகு. அதற்கும் முன்னால், தள்ளுவண்டியில் சூடாக ஒரு டம்ளர் பருத்திப்பால்.

ஷூவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: விலை உயர்ந்தது வேண்டாம், அளவு சரியாக இருக்கட்டும். பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, மாலையில் கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். வெறுங்காலோடு ஓடுவதைச் சிலர் வீரமாக எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடியது வீரத்தால் அல்ல, ஷூ வாங்க வழியில்லாததால்.

ரேவதியின் கதையில் நான் அடிக்கடி நினைப்பது அந்தக் கால்களை அல்ல, அவர் பாட்டி ஆரம்மாளை. பெற்றோரை இழந்த இரண்டு பெண் குழந்தைகளைக் கூலி வேலை செய்து வளர்த்தவர். வயதுக்கு வந்த பெண்ணை ஓட விடுகிறாயே, வேலைக்கு அனுப்பு என்று உறவினர்கள் சொன்னபோது காதில் வாங்காதவர். பள்ளிப் போட்டியில் ரேவதியின் ஓட்டத்தைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன் பேசிப் பேசி அந்தப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பெண் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். 400 மீட்டர் வேறு, 21 கிலோமீட்டர் வேறு, தெரியும். ஆனால் மனசைத் தேற்றிக்கொள்ள வழி கேட்டவருக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. மனசை நம்பி ஓடாதீர்கள். ஆளை நம்பி ஓடுங்கள். அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பது சுலபம். தெருமுனையில் ஒருத்தி ஷூவைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றால் அப்படிப் படுக்க முடியாது. அழகரோடு வருகிற கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்து, தனியாக இதே ரோட்டில் ராத்திரி நடந்து வா என்று சொன்னால் அப்பன்திருப்பதி தாண்டுவாரா என்பது சந்தேகமே.

பெண்களுக்குத் துணை இன்னும் அவசியம். இருட்டோடு கிளம்பினால் நாய். விடிந்து கிளம்பினால் பைக்கில் போகிறவனின் வாய். இரண்டுக்கும் நான்கு பேராகப் போவதுதான் மருந்து. நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். திரும்பி ஓடுகிறவரைத்தான் அது துரத்தும். அழகர்கோவில் சாலையிலும் நத்தம் சாலையிலும் வண்டிகள் வருகிற வேகம் தெரிந்ததே. வண்டிக்கு எதிர்ப் பக்கமாக, பளிச்சென்ற சட்டையோடு, காதில் எதையும் மாட்டாமல் ஓடுங்கள். சாலையே வேண்டாம் என்றால் ரேஸ்கோர்ஸ் இருக்கிறது, தெப்பக்குளத்தைச் சுற்றி வரலாம், கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரம் இருக்கிறது. கடைசியில் சொன்னதில் மலையைப் பார்த்துக்கொண்டே ஓடினால் கிலோமீட்டர் போவது தெரியாது.

கடைசி ஆளாக வந்துவிடுவேனோ என்ற பயமும் அந்தக் கடிதத்தில் ஒரு வரியாக இருந்தது. பல ஓட்டங்களில் மூன்று, மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். ஓடியும் நடந்தும் வருகிறவருக்கு அது போதும். அப்படியே கடைசியாக வந்தாலும்தான் என்ன? தங்கச்சி கல்யாணத்துக்கே நேரத்துக்கு வந்து சேராதவர் என்று நம் ஜனங்கள் கதை சொல்கிற சாமிதான் அழகர். அவரைப் பார்க்கத்தான் வைகையில் லட்சக்கணக்கான பேர் விடிய விடியக் காத்திருக்கிறார்கள்.

திருநகர், பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கம் காலையில் ஓடுகிற பெண்கள் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், ஆசிரியையோடு சேர்த்துவிடுகிறோம். மற்ற ஊர் வாசகர்கள் உங்கள் பக்கத்துப் பாதைகளை எழுதி அனுப்புங்கள்: எங்கே தெருவிளக்கு எரியும், எங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்கும், எந்த வளைவில் நாய் அதிகம், எந்த டீக்கடை ஐந்து மணிக்குத் திறக்கும். போட்டிகள் தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்