ரைட்ஸ் இஷ்யூ வந்தால் பங்கு மதிப்பு கரையுமா?

ஒரு கம்பெனி ரைட்ஸ் இஷ்யூ அறிவித்தால் போதும், "போச்சு, நம்ம பங்கு நீர்த்துப் போச்சு" என்று ஒரு கூட்டம் புலம்பும். "மார்க்கெட் விலையை விடக் கம்மியா தர்றாங்க, அள்ளு" என்று இன்னொரு கூட்டம் குதிக்கும். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், வாங்க.

உங்களிடம் 100 பங்குகள், விலை 100 ரூபாய். மொத்தம் 10,000. நான்குக்கு ஒன்று வீதம், 50 ரூபாய்க்கு ரைட்ஸ் தருகிறார்கள். 25 பங்குகளுக்கு 1,250 கட்டினால் கையில் 125 பங்குகள், மதிப்பு 11,250. ஆக, ஒரு பங்கின் விலை 90 ஆக இறங்கும். பத்து ரூபாய் நஷ்டமா? இல்லை. நீங்கள் போட்டதும் 11,250, இருப்பதும் 11,250.

கட்டப் பணம் இல்லையா? அந்த உரிமையை மட்டும் விற்கலாம். 90 ரூபாய்ப் பங்கை 50-க்கு வாங்கும் உரிமையின் மதிப்பு 40 ரூபாய். 25 உரிமைகளுக்கு 1,000. பழைய பங்குகள் 9,000. கூட்டினால் அதே 10,000. உங்கள் ஓட்டு பலம் குறையும், ஆனால் பணம் குறையாது.

மூன்றாவது ஆள்தான் மாட்டிக்கொள்கிறார். கட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. கெடு முடிந்ததும் உரிமை காலாவதி. கையில் மிச்சம் 9,000. அந்த 1,000 ஆவியாகவில்லை, கட்டியவர்கள் பக்கம் போய்விட்டது. கரைத்தது ரைட்ஸ் இல்லை, சும்மா இருந்ததுதான்.

"ஒரு பங்குக்கான லாபம் குறையுதே?" என்று கேட்பீர்கள். குறையும்தான். 10 ரூபாயாக இருந்தது என்று வையுங்கள். புதுப் பணமும் அதே 10 சதவீதம் சம்பாதித்தால்கூட அது 9 ஆகிவிடும். விலையும் 90 தானே, பிறகென்ன நஷ்டம்?

நிஜமான கேள்வி, அந்தப் பணத்தைக் கம்பெனி என்ன செய்கிறது என்பது. 2019-ல் வோடஃபோன் ஐடியா 12.50 ரூபாய்க்கும், ஏர்டெல் 220 ரூபாய்க்கும் ரைட்ஸ் வெளியிட்டன. இரண்டும் திரட்டியது ஆளுக்குச் சுமார் 25,000 கோடி. அதே ஆண்டு அக்டோபரில் ஏஜிஆர் பாக்கி பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டு பேர் தலையிலும் விழுந்தது. வோடஃபோன் ஐடியா பங்கு 5 ரூபாய்க்கும் கீழே போனது. ஏர்டெல் 2024-ல் 1,000 ரூபாய்க்கு மேலே இருந்தது. ஒரே வழி, ஒரே தொகை, ஒரே அடி. வித்தியாசம் ரைட்ஸில் இல்லை, கம்பெனியில்.

இதில் சின்ன முதலீட்டாளருக்கு ஒரு நியாயமான மனக்குறை உண்டு. தேதியைக் குறிப்பது கம்பெனி, நம் வசதியைக் கேட்பதில்லை. ரிலையன்ஸ் 53,124 கோடிக்கு ரைட்ஸ் கொண்டுவந்தது 2020 மே மாதம், ஊரடங்கு நடுவில். சம்பளமே சந்தேகமாக இருந்த நேரம். நல்லவேளை, செபி அந்த ஜனவரியில் கொண்டுவந்த முறைப்படி உரிமைகள் டீமேட் கணக்குக்கே வந்து, எக்ஸ்சேஞ்சில் வர்த்தகமாயின. பணம் இல்லாதவர் விற்றுவிட்டுப் போக முடிந்தது. முன்பு போலக் காகிதப் படிவத்தோடு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் பங்கு விற்கும் க்யூஐபி-யை விட ரைட்ஸ் நியாயமானது. அங்கே நமக்குக் கேள்வியே கிடையாது. இங்கே பழைய பங்குதாரரிடம் முதலில் கேட்கிறார்கள். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 62-வது பிரிவு அந்த முன்னுரிமையைத் தருகிறது.

கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. டீமேட்டில் புதுப் பெயரில் ஏதோ வந்து உட்கார்ந்திருந்தால், என்னவென்று பார்த்துவிடுங்கள். அதுவும் உங்கள் காசுதான் :)