முதல் அரியர்
தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வரும் மாணவரை முதல் பருவத்தில் தடுமாற வைப்பது பெரும்பாலும் கணிதமல்ல, அது நடத்தப்படும் மொழி. பன்னிரண்டாம் வகுப்பில் 'தொகையிடல்' என்று படித்த அதே பாடம் ஆங்கிலப் பெயரோடு வந்ததும் அந்நியமாகிவிடுகிறது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கும் ஒன்றிரண்டு அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம், விழுவது இதனால்தான். வீட்டில் அது 'பெயில்' என்றே புரிந்துகொள்ளப்படுகிறது. சொந்தக்காரர் காதுக்கும் போய்விடுகிறது. அரியர் பாடத்தைப் பின்வரும் பருவங்களில் மீண்டும் எழுதலாம், அதனால் மட்டும் ஆண்டு வீணாவதில்லை என்ற விதி பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை நடக்காது. அவர்கள் விசாரிக்க வேண்டியது வருகைப்பதிவை: பொதுவாக 75 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கல். அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று ராகிங். 1997-லேயே தமிழ்நாட்டில் தடைச்சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி மாணவரோடு பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். வாசிக்காமலே கையெழுத்துப் போடுவோர்தான் அதிகம். மகன் விடுதியிலிருந்து ஊருக்கு வரத் துடித்தால், ராகிங் காரணமாக இருக்குமோ என்று அந்த உறுதிமொழித் தாளை ஒருமுறை நினைப்பது நல்லது. பணத்தைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அது மாணவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. வீட்டு மளிகைக் கணக்கில் அதைச் சேர்க்காமல் விட்டாலே பேருந்துக்கும் நகல் எடுக்கவும் ஓரளவு ஆகும்.