பெல்சனுக்குள் நுழைந்த வீரர்கள்

வட ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தது 1945 ஏப்ரல் 15 அன்று. சண்டையிட்டுப் பிடித்த இடமல்ல அது. டைபஸ் காய்ச்சல் வெளியே பரவிவிடும் என்று அஞ்சிய ஜெர்மானியரே உள்ளூர்ப் போர்நிறுத்தம் பேசி ஒப்படைத்தனர். உள்ளே ஏறத்தாழ 60,000 கைதிகள் இருந்தனர். புதைக்கப்படாமல் கிடந்த சடலங்கள் மட்டும் சுமார் 13,000.

அவ்வீரர்களில் பலர் முதுமையில் சொன்ன நினைவுகள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் ஒலிப்பதிவாக உள்ளன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது நாற்றம். முகாம் கண்ணில் படுமுன்பே அது மூக்கை எட்டியது. ராணுவப் படப்பிடிப்புக் குழுவின் படச்சுருள்கள் எத்தனை கொடூரமானவையானாலும், இதை மட்டும் அவற்றால் காட்ட முடியவில்லை.

இன்னொரு நினைவு மனத்தை உறுத்தும் வகை. இரக்கப்பட்டு வீரர்கள் தந்த டின் இறைச்சியைப் பட்டினியில் சுருங்கிய குடல் ஏற்கவில்லை. உண்டவர்கள் பலர் மாண்டனர். பிறகு, 1943 வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட சர்க்கரை மிகுந்த கலவை வந்தது. அந்தத் தித்திப்பு ஐரோப்பியக் கைதிகளுக்குக் குமட்டியது. ஊசி வழியே சத்து ஏற்ற முயன்றாலோ, முகாம் மருத்துவர்களின் ஊசியை அறிந்திருந்தவர்கள் அலறினர்.

விடுதலைக்குப் பின்னும் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தனர். கடைசிக் கொட்டகை மே 21 அன்று தீயுமிழ் கருவியால் கொளுத்தப்பட்டது.

– வாசகர், திருச்சி