மணம் முறிந்தாலும் கடன் முறியாது

வீரசோழன் வானம் பார்த்த பூமி. இங்கே புருஷனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு, வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குகிறார்கள். மணம் முறிகிறது, தவணை நிற்கிறது. பிறந்த வீடு போனவளுக்கு நோட்டீஸ் வந்த சேதியே தெரிவதில்லை!

1872-ம் வருட ஒப்பந்தச் சட்டப்படி, முழுப் பாக்கியையும் இருவரில் எவரிடமும் பாங்கு கேட்கலாம். விவாகரத்துத் தீர்ப்பு அதைத் தடுக்காது. கட்டியவர் மற்றவரிடம் பங்கைக் கேட்டு வாங்கலாம்.

90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன். 2002-ம் வருடச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும், பிறகு ஏலம். எழுத்து மூலம் ஆட்சேபித்தால் 15 நாளில் பாங்கு பதில் சொல்லியாக வேண்டும். விவசாய நிலத்தை இச்சட்டம் தொடாது.

தோழர்களே! நோட்டீசைப் பரணில் போடாதீர்கள். புது விலாசத்தைப் பாங்குக்கு எழுதிக் கொடுங்கள். பெண்களுக்கு இலவச வக்கீல் 1987-ம் வருடச் சட்டம் தந்த உரிமை. இருவருக்கும் தனித்தனியே, தமிழில் நோட்டீஸ் வேண்டும் என்பதே நமது கோரிக்கை.