வரைபடமும் கோப்பும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. மென்பொருள் துறையில் இம்மொழியின் உண்மை நாள்தோறும் விளங்குகின்றது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ஆம் ஆண்டு தோன்றிய மெப்ஸ் வளாகத்திலும், பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி முதலிய இடங்களிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு நம் மாணவர் பலர் வேலைக்குச் செல்வராதலின், இதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

ஒரு மென்பொருளில் என்னென்ன பகுதிகள் உள்ளன, எது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதைக் காட்டுவது மாதிரிப் படம். இத்தகைய படங்களுக்குரிய யூ.எம்.எல். என்னும் குறியீட்டு முறை 1997-இல் பொது நியமமாக ஏற்கப்பட்டது. 2013-இல் டாக்கர் வெளிவந்தபின், ஒவ்வொரு பகுதியையும் தனித்தனிக் கண்டெய்னரில் அடைத்து இயக்கும் வழக்கம் பரவிற்று. எந்தப் பதிப்பு, எந்தப் போர்ட் எண், எதன்பின் எது தொடங்குவது என்பவற்றை உரைப்பது அதன் கான்ஃபிகரேஷன் கோப்பு. ஆகவே ஒரே செய்தி இரண்டிடத்தில் எழுதப்படுகின்றது. இடர்ப்பாடு இங்கேதான் பிறக்கின்றது.

நள்ளிரவில் பழுது நேர்கின்றது எனக் கொள்வோம். பணியிலிருப்பவர் தரவுத்தளத்தின் போர்ட் எண்ணை 5432-லிருந்து 5433 என்று கோப்பில் மாற்றிச் சீர்செய்கின்றார். படமோ பழையபடியே நிற்கின்றது. ஆறு மாதம் கழித்துப் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர் அப்படத்தை நம்பித் தம் பகுதியை இணைக்கின்றார். அது இயங்க மறுக்கின்றது. பழி அவர்மேல் விழுகின்றது. பொய்யுரைக்கும் படத்தினும் படமின்மையே நன்று.

சிறு வேற்றுமை என்று இதனை இகழலாகாது. அமெரிக்கப் பங்கு வாணிகத்தில் ஈடுபட்டிருந்த நைட் கேபிடல் நிறுவனத்தில், எட்டுச் சர்வர்களுள் ஏழில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்பட்டிருந்தது. எட்டாவதில் பழையதே தங்கிவிட்டது. 2012 ஆகஸ்டு 1 அன்று சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்குக் குறையாத நஷ்டம் விளைந்தது. அது டாக்கருக்கு முந்திய காலத்தது. எனினும் உள்ளதென்று கருதியது ஒன்று, உண்மையில் இருந்தது வேறொன்று என்பதே அங்கும் நேர்ந்த கேடு.

2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டிஸ், கோப்பிற் கண்ட நிலையையும் இயங்கும் நிலையையும் இடைவிடாது ஒப்பிட்டு நேர்செய்கின்றது. ஆனால் படத்தைக் கோப்போடு ஒப்பிடுவது அதன் வேலையன்று. அது நம் கடமை.

கோப்பே போதும், படம் வேண்டா என்பர் சிலர். கோப்பு எவ்வாறு என்பதைச் சொல்லுமேயன்றி ஏன் என்பதைச் சொல்லாது. படத்திலிருந்தே கோப்பை ஆக்குவோம் என்பர் வேறு சிலர். அங்ஙனமாயின் நள்ளிரவிற் கையாற் செய்த திருத்தம் கோப்பை மறுமுறை ஆக்குங்கால் அழிந்துபோம். நமது துணிபு யாதெனில், ஒரு செய்திக்கு ஓரிடமே இருத்தல் வேண்டும். எண்ணும் பதிப்பும் கோப்பில் மட்டும் இருக்க. நோக்கமும், எது எதனோடு பேசலாம் என்னும் வரம்பும் மாதிரியில் இருக்க. இரண்டும் ஒரே கிட் களஞ்சியத்தில் வைக்கப்படுக. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவ்விரண்டையும் படித்து ஒப்பிடும் சிறு நிரலொன்று, முரண் கண்டால் மாற்றத்தைத் தடுத்து நிறுத்துக. அவசரத்திற் செய்த திருத்தமும் மறுநாளே அவ்வழியாக வந்து சேர்தல் வேண்டும்.

வேலைக்குச் செல்லும் நம் மாணவர், படத்தைத் திருத்துவது பிறர் பணியென்று ஒதுக்காதிருப்பாராக. தமக்குப்பின் வருவோர் முதலில் நம்பிப் படிப்பது அதனையே.