கை தூக்கியவர்கள் யார்?

முதலாளி நல்லவர், கம்பெனியை வாங்க வருகிறவன் கெட்டவன் என்று படமெடுத்தால் நமக்கு வேலை சுலபம். கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். 1991ல் வந்த ‘அதர் பீப்பிள்ஸ் மணி’ என்ற அமெரிக்கப் படம் நம்மை அப்படி விடவில்லை.

கம்பெனிகளை வாங்கி, பிரித்து விற்பது லாரியின் தொழில். பழைய கம்பித் தொழிற்சாலை ஒன்றின் மேல் அவன் கண் விழுகிறது. கடனில்லாத கம்பெனி. நடத்துவதைவிட மூடி விற்றால் லாபம்.

பங்குதாரர் கூட்டத்தில் வயதான முதலாளி பேசுகிறார்: தொழிற்சாலை என்பது வெறும் பங்கு விலையா? அதை நம்பி மனிதர்கள் இல்லையா? நம் நெஞ்சு கனக்கிறது. அடுத்து லாரி எழுகிறான்: இது முன்பே செத்துவிட்டது, நான் கொல்லவில்லை, குதிரை வண்டி போன பிறகு நல்ல சாட்டை செய்து யாருக்கு விற்பது? அதிலும் நியாயம் இருக்கிறது. வாக்கெடுப்பில் லாரியே ஜெயிக்கிறான்.

மும்பையில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1982 ஜனவரி 18ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் 2½ லட்சம் தொழிலாளர் இறங்கினர். பிறகு பல மில்கள் மூடிக்கொண்டன. இயந்திரம் பழசு, நஷ்டம் என்றார்கள். முழுப் பொய்யல்ல. ஆனால் பழசாகவே வைத்திருந்தது யார்? 1991 விதிப்படி, விற்கும் மில் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொதுத் திடலுக்கும், இன்னொரு பங்கு பொது வீட்டு வசதிக்கும் போக வேண்டும். 2001ல் அதைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். 2006ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

ஆகவே நல்ல முதலாளியை நம்பியும் பயனில்லை, லாரியைத் திட்டியும் பயனில்லை. அந்தக் கூட்டத்தில் எண்ணப்பட்டவை பங்குகள். இயந்திரத்தின் முன் நின்ற வருஷங்கள் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 முதல் நம் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதி பங்குச் சந்தைக்குப் போகிறது. அதிக வட்டி வேண்டும் என்று நாமும் கேட்கிறோம். அந்த லாபம் வேறோர் ஊரில் யாருடைய வேலையைத் தின்று வந்தது என்று கேட்கிறோமா? லாரிக்காகக் கை தூக்கியவர்களும் கொடியவர்கள் அல்லர். விலை ஏறினால் போதும் என்று நினைத்த சாதாரண மனிதர்கள்தாம். அந்தக் கைகளில் ஒன்று நம்முடையதாக இருக்கலாம் என்பதே படம் நமக்குத் தரும் சங்கடம்.